பாறைக்குழித் தண்ணிக்குப் பாகப்பிரிவினை

இப்புடி நவுந்து உக்காருங்க கண்ணு. இன்னும் கொஞ்சம். சன்னல்ல ரெண்டாவது கம்பி இருக்குது பாருங்க, அது வரைக்கும் உங்களுது, இந்தப் பக்கம் என்றது. எனக்குக் கொஞ்சம் கூட வருதேன்னு பாக்காதீங்க, பைக்கும் எடம் வேணுமில்லீங்க. பஸ்ஸேறித் தாராபுரத்துல மக ஊட்டுக்குப் போறேன். முருங்கக்காயும் தேங்காயும் வெச்சிருக்கறேன். எதையும் மொதல்லயே பேசி வெச்சுக்கிட்டா அப்பறம் ஓரியாட்டம் சண்டை வராது பாருங்க. நாயமாப் பங்கு பிரிக்கறதுல எங்க ஊருக்குள்ள இந்த மயிலாத்தாளை மிஞ்ச ஆளில்ல. சும்மா சொல்லலைங்க, ஒரு குழித் தண்ணியவே மேல ஒரு பங்கு, கீழ ஒரு பங்குன்னு பிரிச்சவ நானு.

சிரிக்கறீங்க. எல்லாரும் மொதல்ல சிரிக்கத்தான் செஞ்சாங்க. காட்டைப் பங்கு போடுவாங்க, சரி. கெணத்துத் தண்ணிய முறை வெச்சுக்குவாங்க, இன்னைக்கு உன்ற மோட்டாரு நாளைக்கு என்ற மோட்டாருன்னு. தண்ணியக் குறுக்காலப் பொழி போட்டு, வரப்புக் கட்டினாப்புல, பிரிச்சது நாங்க மட்டுந்தான். அது பூராவும் என்ற ரோசனை. எங்கூட்டுக்காரரு ரோசனையில்ல, அதை மொதல்லயே சொல்லிப்போடறேன். அவிய ரோசனையக் கேட்டு நான் ஒரு காரியமும் செஞ்சதில்ல.

எங்க தோட்டத்துக்கும் என்ற கொழுந்தன் தோட்டத்துக்கும் நடுவுல ஒரு பாறைக்குழி இருக்குதுங்க. சல்லிக்கல்லுக்காக வெடி வெச்சு எடுத்துப்போட்டு உட்டுட்டுப் போன குழி. ஒரு பனைமரத்தை உள்ள நிறுத்துனா அதோட தலை தெரியாது, அத்தனை ஆழம். கல்லு தீந்தப்பறம் எங்கிருந்தோ டேங்கர் லாரியில சாயத் தண்ணி கொண்டாந்து ஊத்தினாங்களாமா. அது நான் வாக்கப்பட்டு வர்றதுக்கு முன்னால. எந்தப் பட்டறைன்னு ஆருக்கும் தெரியாது, கேட்டாலும் ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டாங்க. நான் வந்தப்ப குழி நெறையத் தண்ணி, பச்சப்பசேல்னு பாக்க அழகா இருக்கும். மீன்கொத்தி ஒன்னு எந்நேரமும் பாறை இடுக்குல மொளைச்ச ஆலஞ்செடி மேல உக்காந்திருக்கும்.

ஆனா அது சாதாரணத் தண்ணியில்ல கண்ணு. எங்க மாமனாரு இருந்தப்போ ஒரு நாள் மோட்டாரு ஓஸை எறக்கி எறக்கி ஆழம் பாத்தாங்க. மேலாக்க வெச்சு உறிஞ்சுனா எளநியாட்டத் தண்ணி. இன்னும் கொஞ்சம் எறக்கினதும் ரோஸ்மில்க் கலர்ல வந்துது பாருங்க, எல்லாரும் வாயத் தொறந்துட்டு நின்னுட்டோம். அதுக்கும் கீழ போச்சுன்னா கருகருன்னு, அழுகின முட்டை நாத்தம், வாயில வெச்சா ஒரே உப்பு. மாமனாரு தூன்னு துப்பிப்போட்டு ஓஸை மேல தூக்கிட்டாரு. மத்தவிய மூக்கைப் புடிச்சுட்டு ஊட்டுக்குப் போயிட்டாங்க. நான் மட்டும் நின்னு ரோசிச்சேன். ஒரே குழிக்குள்ள மூணு தண்ணி, டிப்பன் கேரியரு அடுக்காட்ட ஒன்னு மேல ஒன்னு நிக்குது, கலக்கவே மாட்டீங்குது. இது ஏன்னு ரோசிச்சு நானே கண்டுபுடிச்சுட்டேன். வெயில் படற தண்ணி இனிக்குது, படாத தண்ணி நாறுது. ஈரத் துணிய நெழல்ல சுருட்டிப் போட்டா நாறுமில்ல, அதே கணக்குத்தான். நடுவுல இருக்கற ரோஸ் தண்ணி ரெண்டுக்கும் பொழி. சாமியே பாத்துப் போட்ட வரப்பு.

மாமனாரு போனதுக்கப்பறம் பாகம் பிரிச்சாங்க. காடு ரெண்டாச்சு, களம் ரெண்டாச்சு, கடைசில குழிக்கிட்ட வந்து நின்னுது. ஊர்ப் பெரியவரு நாச்சிமுத்து மாமா நாயம் சொல்ல வந்திருந்தாரு. "ஆளுக்கொரு நாள் முறை வெச்சுக்குங்க"ன்னாரு. நான் முந்தானைய இழுத்துச் சொருகிட்டு முன்னால வந்தேன். "முறை வேண்டாங்க மாமா, சண்டைதான் வரும். கொழுந்தன் ஊட்டுச் சின்னவளுக்கு நெறையாவே போகட்டும். மேலாக்கக் கெடக்கற கொஞ்சூண்டு தண்ணி எங்களுக்குப் போதும். அடியில இருக்கறது அத்தனையும் அவளே எடுத்துக்கட்டும். எந்தக் கோடைக்கும் வத்தாது, சில்லுன்னு இருக்கும்"னேன்.

பொய் சொன்னனா? வத்தாது, நெசம். சில்லுன்னு இருக்கும், அதும் நெசம். நாத்தத்தைப் பத்தி ஆரும் கேக்கல, நான் சொல்லல. கொழுந்தனாரு லாரிக்காரரு, ஓஸு எறக்கின சமயம் வடக்க எங்கியோ லோடு ஏத்திட்டுப் போயிருந்தாரு. அவரு பொண்டாட்டி சம்பூரணம் அப்ப கல்யாணமாயி வந்திருக்கவேயில்ல. தெரிஞ்சது எங்கூட்டுக்காரருக்குத்தான். அவிய என்னைய ஒரு பார்வை பாத்தாங்க. நான் திருப்பி ஒரு பார்வை பாத்தேன். அவிய துண்டை ஒதறித் தோள்ல போட்டுட்டு ஆகாசத்தைப் பாக்க ஆரம்பிச்சுட்டாங்க.

சம்பூரணத்தைப் பத்திச் சொல்லோணும். ஒல்லியா, சிரிச்ச மொகமா இருப்பா. அதுதான் எனக்குப் புடிக்காது, அந்தச் சிரிப்பு. குத்திப் பேசுனாலும் சிரிக்கறா, பாராட்டிப் பேசுனாலும் சிரிக்கறா, மனசுல என்ன இருக்குதுன்னு எப்புடிங்க தெரிஞ்சுக்கறது? அன்னைக்கும் அப்புடித்தான். "அக்கா சொன்னாச் சரிங்க மாமா"ன்னு ஒரே வார்த்தையில ஒத்துக்கிட்டா. எதுத்து ரெண்டு வார்த்தை பேசியிருந்தா எனக்கும் ஜெயிச்ச மாதிரி இருந்திருக்கும்.

மக்கா நாளே விடிஞ்சதும் சம்பூரணத்து ஊட்டுல ஓஸை அடியில எறக்கி மோட்டாரைப் போட்டாங்க. நான் தென்னை மரத்துக்குப் பின்னால நின்னுட்டுப் பாத்துட்டிருந்தேன். வாய்க்கால்ல கருப்பாத் தண்ணி வந்து விழுந்துது, நாத்தம் எங்க ஊட்டு அடுப்படி வரைக்கும் வந்துது. சம்பூரணம் வாய்க்கால்ல எறங்கி நின்னா. கால்ல போட்டிருந்த வெள்ளிக் கொலுசு பாத்துட்டிருக்கறப்பவே கறுத்துப் போச்சு கண்ணு! நான் முந்தானைய வாயில அடைச்சுட்டேன், இல்லீன்னா சிரிப்பு வெளிய வந்திருக்கும். இனி அவ அழுதுட்டு வருவா, நாலு வார்த்தை கத்துவா, நான் நாலு வார்த்தை கத்தோணும்னு தயாரா நின்னேன்.

வரல. மோட்டாரை நிறுத்திப்போட்டு, கொலுசைக் கழட்டிப் பாத்து, சிரிச்சுட்டு ஊட்டுக்குள்ள போயிட்டா. அப்பறம் அவிய காட்டுக்குள்ள ஒரு போர் போட்டாங்க. கொஞ்சமாத் தண்ணி வந்துது, அதை வெச்சு நாலு ஆடு, கொஞ்சம் தீவனச்சோளம், அத்தோட சரி. குழியில அவ பங்கை அப்புடியே உட்டுட்டா. ஒரு சொம்பு எடுக்கல.

இது எனக்கு எத்தனை வெசனமாப் போச்சு தெரியுங்களா? ஏமாந்தவ ஏமாந்தேன்னு சொல்லோணுமில்ல? சொல்லாம இருந்தா என்ன அர்த்தம்? அத்தனை தண்ணிய எதுக்குச் சேத்து வெச்சிருக்கறா? நான் படுத்தாத் தூக்கம் வராது. எங்கூட்டுக்காரரை எழுப்பி, "ஏனுங், அவ கீழ் தண்ணிய என்னத்துக்கு வெச்சிருக்கறா?"ன்னு கேப்பேன். "நாறட்டும்னு வெச்சிருக்கறா, தூங்கு"ம்பாங்க.

அப்பறம் மீன் உட்டா. கட்லாக் குஞ்சு வாங்கியாந்து குழியில உட்டா. எனக்கு ஒரே சந்தோசம், இப்ப மாட்டினாளான்னு. மீனு எங்க மேயுது? மேல் தண்ணியில. மேல் தண்ணி ஆருது? என்றது. ஒருத்தர் ஆடு இன்னொருத்தர் காட்டுல மேஞ்சாப் புடிச்சுப் பட்டியில அடைப்பாங்களா இல்லையா? நான் நேராப் போயி, "இந்தா பாரு சம்பூரணம், உன்ற மீனு என்ற தண்ணியில மேயுது. கீழ உன்ற பங்குக்கு ஓட்டிக்க"ன்னேன்.

"கீழ போனாச் செத்துப் போயிருங்கக்கா. அங்க மூச்சு உடக் காத்தில்ல. மீனெல்லாம் அந்த ரோஸ் தண்ணிய மிதிக்கவே மிதிக்காது"ன்னா.

"அது உன்ற மீனோட கஷ்டம்"னேன்.

"அப்ப மீனு உங்களுதே இருக்கட்டுங்கக்கா. வேணுங்கறப்பப் புடிச்சுக்குங்க. எனக்கு ஒன்னு ரெண்டு குடுத்தாப் போதும்"னா. பாத்தீங்களா? இப்புடித்தான் என்னைய வாயடைச்சுப் போடறது. அந்த மீனை நான் எத்தனையோ நாள் கொழம்பு வெச்சுத் தின்னிருக்கறேன். முள்ளு கொஞ்சம் சாஸ்தி.

சரி, கதைக்கு வர்றேன். இந்தக் கோடை வந்துது. உங்க ஊர்ப் பக்கமெல்லாம் எப்புடியோ தெரியல, எங்க பக்கம் காக்கா உக்காரப் பச்சையில்ல. என்ற தென்னந்தோப்புக்கு நான் ராப்பகலா மோட்டாரு ஓட்டினேன். அந்த மரமெல்லாம் நான் வாக்கப்பட்டு வந்த புதுசுல நானே கொடத்துல மோந்து ஊத்தி வளத்தது கண்ணு. எனக்கு மகளுக்கு முன்னால பொறந்தது அதுகதான். தண்ணி உடாம எப்புடி இருப்பேன்?

ஒரு நாள் பாத்தா ஓஸுல ரோஸ் தண்ணி வருது. ஓடிப்போயி அளவுக் கயித்தை எடுத்தேன். நான் எந்நேரமும் கயித்துல முடிச்சுப் போட்டு, கல்லைக் கட்டி, பொழி எங்க இருக்குதுன்னு அளந்து வெச்சிருப்பேன். போன வருசம் தண்ணி மட்டத்துல இருந்து நெறைய முடிச்சு எறக்குனாத்தான் பொழி வரும். இந்த வருசம் அதுல பாதி எறக்குறதுக்குள்ளயே வந்துருச்சு! என்ன அர்த்தம்? அவ பொழிய மேல தள்ளிட்டு வர்றா! கமுக்கமா, ஆருக்கும் தெரியாம, அடியில இருந்து என்ற பங்குக்குள்ள ஏறி வர்றா!

போயி நின்னேன். "ஏம்புள்ள, பொழிய நவுத்தறயா?"

சம்பூரணம் ஆட்டுக்குத் தழை கட்டிட்டிருந்தா. "நான் என்னங்கக்கா பண்ணினேன்? என்ற தண்ணி இருந்த எடத்துலயே இருக்குது. நீங்க மேல எடுக்க எடுக்க மேல கொறையுது. மட்டம் எறங்குது, அவ்வளவுதான். கீழ உப்புத் தண்ணி, அது கனம், அது ஏறாதுங்கக்கா. ஒரு மழை பேயற வரைக்கும் மோட்டாரைக் கொஞ்சம் நிறுத்தி நிறுத்தி ஓட்டுங்க"ன்னா.

நான் தண்ணி எடுக்கறதை நிறுத்தோணுமாமா! எப்புடிப் பேச்சைத் திருப்பறா பாருங்க. கனமாம், லேசாம். தண்ணிய தராசுல வெச்சு நிறுத்துப் பாத்தவளாட்ட. எனக்கு வந்த கோவத்துக்கு அளவேயில்ல.

அன்னைக்கே தனபாலுக்குப் போன் போட்டேன். தனபாலு போர்க்குழிக்குக் கம்ப்ரசர் போடறவரு. போர்ல சேறு அடைச்சா ஓஸை உள்ள உட்டுக் காத்தடிப்பாங்க, அடியில இருக்கறதெல்லாம் பீச்சிட்டு வெளிய வருமில்ல, அந்தத் தொழிலு. "பாறைக்குழி அடியில காத்தடிக்கோணும் தனபாலு"ன்னேன். "எதுக்குங்கக்கா?"ன்னாரு. "அவ தண்ணிய நல்லா அமுக்கி உடோணும். பொழி பழைய எடத்துக்குப் போகோணும்"னேன். அவருக்கு ஒன்னும் புரியல. கூலிக்கு வந்தவருக்கு எதுக்குப் புரியோணும்?

மக்கா நாள் வெயில் ஏறற நேரத்துக்கு வண்டி வந்துது. ஓஸை அடி வரைக்கும் எறக்கினாங்க. எங்கூட்டுக்காரரு பாறை மேல நின்னுட்டு, "வேண்டாம் புள்ள, அது சும்மா கெடக்குது, அதை எதுக்கு நோண்டற?"ன்னாங்க. சம்பூரணமும் ஓடியாந்தா. "அக்கா, அக்கா, மீனெல்லாம் செத்துரும்"னு கத்துனா. அன்னைக்குத்தான் அவ மொகத்துல சிரிப்பில்லாமப் பாத்தேன். பாத்ததும் எனக்கு உறுதியாயிருச்சு, நாம சரியான எடத்துலதான் கை வெச்சிருக்கறோம்னு. "போடு தனபாலு!"ன்னேன்.

அய்யோ கண்ணு. கொப்பளிச்சுட்டு வந்துது பாருங்க, குழி பூராவும் ஒலை கொதிக்கறாப்புல. பச்சைத் தண்ணி ரோஸாச்சு, ரோஸு கருப்பாச்சு, அப்பறம் பால்ல சாம்பலக் கரைச்சு ஊத்தின கணக்கா ஒரு நெறம். நாத்தம்னா நாத்தம், பஸ் ஸ்டாப்புல நின்னவியெல்லாம் பஸ்ஸு வர்றதுக்குள்ள நடந்தே போயிட்டாங்க. தனபாலு வாந்தி எடுத்துட்டே வண்டிய எடுத்துட்டு ஓடிட்டாரு. மீனெல்லாம் மேல வந்து வாயப் பொளந்து பொளந்து காத்துக்குத் தவிச்சுது. செத்த நேரத்துல ஒவ்வொன்னா வயித்தைக் காட்டிட்டு மெதந்துது. அந்த மீன்கொத்தி ரெண்டு வாட்டி குழியச் சுத்திச்சு, கத்திட்டே போயிருச்சு. இன்னும் வரல.

அதுல இருந்து குழியில ஒரே தண்ணி. மேலயும் உப்பு, கீழயும் உப்பு. பொழியவே காணோம்.

நீங்களே சொல்லுங்க, இது ஆரு தப்பு? அவ தண்ணிய அவ எடத்துல ஒழுங்கா வெச்சிருந்தா என்ற தண்ணிக்குள்ள வந்திருக்குமா? நாயை வளத்தா கட்டிப் போடோணும். அடுத்தவங்க ஊட்டுக்குள்ள பூந்து கடிச்சுதுன்னா வளத்தவதான் பொறுப்பு. எங்கூட்டுக்காரரு, "நீதான கெளப்பி உட்ட?"ன்னாங்க. அன்னைக்கு அவியளுக்கு வெறுஞ்சோறுதான் போட்டேன்.

ஒளிக்காம ஒன்னு சொல்றேன் கண்ணு. அந்தத் தண்ணிதான் இருந்துது, அதைத்தான் மரத்துக்கு உட்டேன். கொஞ்ச நாள்ல ஓலை நுனியெல்லாம் கருகிருச்சு. குரும்பை பொத்து பொத்துன்னு உதுந்துது. காத்தால எந்திரிச்சுப் போயிக் கீழ கெடக்கற குரும்பையப் பொறுக்கறப்ப எனக்குப் பெத்த வயிறு எரிஞ்சுது. தோப்புக்குள்ள உக்காந்து அழுதேன். ஆரும் பாக்கல, அதனால அழுதேன்.

அடுத்த நாள் போனா, ஒரு மஞ்சக் குழாய் அவ காட்டுல இருந்து வரப்பு தாண்டி என்ற தோப்புக்குள்ள வந்து கெடக்குது. அவ போர் தண்ணி. நூலாட்ட ஒழுகிட்டிருக்குது, கடைசி வரிசையில இருக்கற சின்ன மரத்துக்கு. கேக்காமக் கொள்ளாம என்ற காட்டுக்குள்ள குழாயப் போட என்ன தைரியம் பாருங்க! புடுங்கி வீசிப்போடலாம்னு குனிஞ்சேன். மரம் குடிச்சுட்டிருந்துது. சரி, அது குடிச்சு முடிக்கட்டும், அப்பறம் வீசலாம்னு உட்டுட்டேன். தெனம் அப்புடியே தள்ளிப் போயிருச்சு.

அதுக்காக நாயத்தை உட்டுக் குடுக்க முடியுங்களா? நாச்சிமுத்து மாமாவைக் கூப்புட்டேன். ஊருல நாலு பேரும் வந்து குழி மேட்டுல, மூக்குல துண்டைக் கட்டிட்டு உக்காந்தாங்க. நான் எந்திரிச்சு, "இவ தண்ணி கேக்காம என்ற தண்ணிக்குள்ள வந்துருச்சு. இதுக்கு ஒரு வழி சொல்லுங்க"ன்னேன். நாச்சிமுத்து மாமாவுக்குத் தோள் குலுங்குச்சு. துண்டுக்குள்ள அழுகறாரோன்னு நெனச்சேன்.

சம்பூரணம் எந்திரிச்சா. அந்தச் சிரிப்பு திரும்ப வந்திருந்துது. "தப்புத்தானுங்கக்கா. என்ற தண்ணிய நான் அடக்கி வெச்சிருக்கோணும். இப்ப என்ன பண்ணோணும்னு நீங்களே சொல்லுங்க, கேட்டுக்கறேன்"னா.

ஊரு முன்னால ஒத்துக்கிட்டா! பாத்தீங்களா! நான் அப்பத்தான் ரோசிச்சேன். தண்ணி ருசி இப்ப மேலயும் கீழயும் ஒன்னுதான். ஒன்னுதான்னா, எது நெறையா இருக்குதோ அதுதான லாபம்? மேல வெயில்ல தெனம் வத்துது. ஆழமெல்லாம் கீழதான கெடக்குது? ஒரு பேச்சுல இத்தனையும் மடக்கிட்டேன். "பங்கை மாத்திக்கலாம். மேல் தண்ணி ரெண்டு ஆள் ஆழத்துக்கு உனக்கு. அதுக்குக் கீழ இருக்கறது பூராவும் எங்களுக்கு"ன்னேன்.

அவ மொகம் மாறிருச்சு கண்ணு. "வேண்டாங்கக்கா. ஒரு மழை வரட்டும், அப்பறம் பேசிக்கலாம்"னா. "ஏன், மழை வந்து உனக்குச் சாச்சி சொல்லுமா?"ன்னேன். "இல்லீங்கக்கா, மழை பேஞ்சா..."ன்னு ஆரம்பிச்சா. நான் பேச உடுவனா? பெரிய பங்கு கையை உட்டுப் போகுதுன்னு பதர்றா, அது எனக்குத் தெரியாதா? "மழை பேயறப்பப் பேசலாம். இப்ப கருப்பராயன் கோயலுக்கு வா"ன்னேன்.

எங்க பக்கம் பாகத்துக்குப் பத்திரமெல்லாம் அப்பறந்தான். கருப்பராயன் முன்னால சூடத்தைப் பத்த வெச்சு, உள்ளங்கையில அணைச்சு சத்தியம் பண்ணீட்டா முடிஞ்சுது. அதை மாத்தறவன் குடும்பம் விளங்காது. போன வெள்ளிக்கெழமை அவ கையைப் புடிச்சு இழுத்துட்டுப் போனேன். கோயல்ல வெச்சும் கேட்டா, "அக்கா, ஒரே ஒரு மழை பொறுங்க"ன்னு. நான் சூடத்தை அணைச்சேன். "மேல் தண்ணி சம்பூரணத்துக்கு, கீழ் தண்ணி எனக்கு. வானம் பூமி உள்ள வரைக்கும் மாத்த மாட்டேன்"னேன். பாவம், அவளும் அணைச்சா. கை சுட்டிருச்சு அவளுக்கு.

இப்ப மககிட்டச் சொல்றக்குத்தான் போயிட்டிருக்கறேன். போன்ல சொன்னா ருசிக்காது. "உங்க அம்மா குழியில முக்காவாசிய வாங்கிப்போட்டா"ன்னு நேர்ல சொல்லி அவ மொகத்தைப் பாக்கோணும்.

அடடே, தூத்தல் போடுதே! சன்னலைச் சாத்தாதீங்க கண்ணு, மூஞ்சியில அடிக்கட்டும். எத்தனை மாசமாச்சு! எங்க ஊர்ப் பக்கந்தான் கருக்கல் கட்டியிருக்குது, பாருங்க அந்தப் பக்கம், இருட்டிப்போயிக் கெடக்குது. பேயட்டும். நல்லா ஊத்தட்டும். குழி நெறைஞ்சு வழியட்டும்.

என்ன கேட்டீங்க? பேயற தண்ணி எங்க நிக்குமா? குழியிலதான் நிக்கும், வேற எங்க போகும். குழியில எங்கயா? மேல விழுகும். விழுந்து கீழ போகும். போகாதா? ஏன் போகாது? உப்புத் தண்ணி கனம், மழைத் தண்ணி லேசு, அதனால மேலயே...

செத்த இருங்க.

அப்ப அத்தனை வருசம் மேல கெடந்துதே, எளநியாட்ட, அது வெயில்ல இனிச்ச தண்ணியில்லையா? அது மழையா? வருசா வருசம் பேஞ்ச மழையா? இனிப் பேயறதும் அவ பங்குலதான் நிக்குமா?

அதுக்குத்தான் மழை வரட்டும், மழை வரட்டும்னு சொன்னாளா? சொல்றதை ஒடைச்சுச் சொல்லலாமில்ல அந்தக் கழுதை! என்ன பாக்கறீங்க? நான் சொல்ல உட்டனான்னா? நான் உடலைன்னா என்னங்க, கத்திச் சொல்லியிருக்கோணும். என்ற வாயைப் பொத்திச் சொல்லியிருக்கோணும். சத்தியம் பண்ணிப்போட்டனே! வானம் பூமின்னு வேற இழுத்து உட்டுட்டேன்.

இருங்க, இருங்க. தண்ணியத்தான பிரிச்சோம்? மழையப் பிரிக்கலையே? ஆகாசத்துல இருக்கற வரைக்கும் அது மேல் தண்ணியுமில்ல, கீழ் தண்ணியுமில்ல. நாச்சிமுத்து மாமாவைக் கூப்புட்டு மழையப் பங்கு போடோணும். ஏனுங் கண்டக்டரு, அடுத்த ஸ்டாப்பு எங்கீங்க? திரும்பிப் போற பஸ்ஸு எத்தனை மணிக்குங்க?

கெரகம், இப்பப் பாத்துப் போன் அடிக்குது. பைக்குள்ள இருக்குது கண்ணு, முருங்கக்காய்க்கு அடியில. எடுத்துக் குடுங்க.

ஆ, சொல்லு. இங்கியுந்தான் பேயுது. என்ன? ஓஸா? அவிய எறக்கறாங்களா? ம். ம். ஏன்? ... சரி. ... சரிங்கறனில்ல. இந்தா, நீ எதுக்கு மழையில நின்னு கத்தற? உள்ள போ மொதல்ல. தலையத் தொடை. வெய்யி போனை.

அவதான். சம்பூரணம். எங்கூட்டுக்காரரு நான் சொல்லிட்டு வந்தபடி ஓஸைக் கீழ எறக்கப் போனாராமா. இவ ஓடிப்போயி ஓஸைப் புடுங்கி மேல கட்டிப்போட்டாளாமா. "அக்கா, சத்தியம் சத்தியந்தான், மேல் தண்ணி என்றதுதான். நான் ஒரு சொட்டு மாத்தல. ஆனா என்ற தண்ணிய நான் எந்த மரத்துக்கு உடறேன்னு கருப்பராயன் கேக்க மாட்டாரு. பத்துப் பதினஞ்சு மழை வந்து நல்ல தண்ணி நிக்கட்டும், உங்க ஓஸு மேலயே கெடக்கட்டும்"ங்கறா. சிரிச்சுட்டே சொல்றா கண்ணு, மழைச் சத்தத்துலயும் கேக்குது.

இனி என்ற மரமெல்லாம் அவ தண்ணியக் குடிச்சுட்டுத்தான் காய்க்கோணும். நான் தேங்கா ஒடைக்கறப்பெல்லாம் அவளை நெனைக்கோணும். ஒரு வார்த்தை திட்டியிருந்தா நானும் திருப்பித் திட்டிப்போட்டு நிம்மதியா இருந்திருப்பேன். நீங்களே நாயம் சொல்லுங்க கண்ணு, இப்புடி ஒருத்திய பக்கத்துல வெச்சுட்டு நான் எப்புடிங்க சண்டை போடறது?